பாக்பஜார் நவீனசந்திர தாஸ்

அடுப்படியில் நின்று புகழ் பெற்றோரின் வாழ்க்கையை வரலாறாக எழுதிப் போற்றும் வழக்கம் பிரெஞ்சு மக்களிடம் நெடுங்காலமாக உண்டு. தந்தையால் சிறு வயதிலேயே பாரிஸ் தெருவில் கைவிடப்பட்டு, பின்னர் ஐரோப்பிய அரசவைகளுக்கு விருந்து சமைத்த கரேமின் கதையை அந்நாட்டார் இன்றும் சொல்லிக் களிக்கின்றனர். எஸ்காஃபியே என்னும் பேரறிஞர் 1903-ஆம் ஆண்டில் சமையற் கலைக்கு இலக்கணம் போன்றதொரு பெருநூலை இயற்றினார். 1920-இல் அவருக்குச் 'செவாலியே' விருது வழங்கப்பெற்றது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் பெற்ற பட்டத்தின் பெயரும் செவாலியேதான்; ஆயினும் அது வேறொரு விருது வரிசையைச் சேர்ந்தது.

நம் நாட்டு நிலை வேறு. நளபாகம் என்கிறோம், வீமபாகம் என்கிறோம். நளனும் வீமனும் மன்னர் குலத்தார்; நாடிழந்து மறைந்து வாழ்ந்த காலத்தில் மடைத்தொழில் செய்தவர்கள். ஆகவே சமையலுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் இருவரும் சமையலைப் பிழைப்பாகக் கொண்டு பிறந்தவர் அல்லர். பிழைப்பாகக் கொண்டவர்களின் பெயர்களோ புகையோடு போயின. சமையல் செய்பவனைக் குறித்த 'மடையன்' என்னும் பழஞ்சொல் இன்று வசையாகவே நம் செவியில் விழுகிறது என்றால், மேலும் சொல்ல வேண்டுவது என்ன?

இந்த நிலையில், அரசவை விருந்து எதையும் சமையாது, நூல் ஒன்றும் எழுதாது, தெருவோரக் கடை ஒன்றில் உட்கார்ந்து இனிப்பு விற்ற ஒருவரின் பெயர் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்திருப்பது வியப்பன்றோ? ஜாதவ்பூரில் வாழும் நாம் எட்டு-பி பேருந்து நிலையத்தருகே எந்த இனிப்புக் கடை முன் நின்றாலும் அவருடைய கைவண்ணத்தையே மண் கலயத்தில் வாங்குகிறோம். அவர்தாம் பாக்பஜார் நவீனசந்திர தாஸ். ரசகுல்லாவோடு சேர்த்து வங்க மக்கள் கூறும் பெயர் அவருடையது.

அவர் கதையைத் தொடங்குமுன் அவர் கையாண்ட பொருளைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பாலில் புளிப்புச் சேர்த்துத் திரியச் செய்து, நீரை வடித்து எடுக்கும் வெண்மையான கட்டியை வங்காளிகள் 'சானா' என்பர். இது நமக்குப் பழக்கமானதன்று. அடுப்பில் வைத்த பால் திரிந்தால் நம் பாட்டிமார் முகம் சுளிப்பர். நல்ல நாளில் அவ்வாறு நேர்ந்தால் சகுனக் கேடு என்றே எண்ணுவர். திரட்டுப்பால், பால்கோவா, பாசந்தி, பாயசம் என நம் பால் பண்டங்கள் பெரும்பாலும் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பெறுபவை. பாலைக் கெடுத்து இனிப்புச் செய்வது என்னும் எண்ணமே முதலில் கல்கத்தாவுக்கு வந்த தமிழ்க் குடும்பத்தாருக்குப் புதுமையாய் இருந்திருக்கும்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. வடநாட்டிலும் பாலை 'வெட்டுவது' தகாது என்ற கருத்து பரவலாக இருந்தது. அதனை வங்கத்தில் தளர்த்தியவர்கள் போர்த்துக்கீசியர் என்று உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா கருதினார். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊக்ளியில் குடியேறிய அவர்கள், பாலாடைக்கட்டி செய்யும் பழக்கத்தைத் தம்மோடு கொணர்ந்தனர். 1660-களில் வங்கத்தைக் கண்ட பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர், இந்நாடு இனிப்புப் பண்டங்களுக்குப் பேர் பெற்றது என்றும், போர்த்துக்கீசியர் வாழும் ஊர்களில் அவை சிறந்து விளங்கின என்றும் எழுதியிருக்கிறார். ஆயினும் எல்லாவற்றையும் கப்பலில் வந்தவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் ஆக்கிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலிலேயே, திரித்த பாலில் இனிப்புச் செய்யும் முறை காணப்படுகிறது. எனவே தடை எங்கும் ஒருபடித்தாய் இருந்ததில்லை என்றே கொள்ளுதல் தகும். எப்படியாயினும், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவின் 'மொய்ரா'க்கள், அதாவது இனிப்புச் செய்யும் குடியினர், சானாவைக் கையாள்வதில் தேர்ந்திருந்தனர். சானாவைச் சர்க்கரையோடு கிளறிச் செய்யும் சந்தேஷ் அக்காலத்தில் பெரிய வீடுகளின் பண்டம். அதுவே இனிப்புக்களின் அரசு.

நவீனசந்திர தாஸ் 1845-ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய முன்னோர் சர்க்கரை வணிகர். அவர் பிறக்குமுன்பே தந்தையார் மறைந்தார் என்றும், குடும்பத்தின் செல்வம் அதற்குள் கரைந்துவிட்டது என்றும் வீட்டார் வழங்கும் வரலாறு கூறுகிறது. சர்க்கரையை மூட்டை மூட்டையாக விற்ற குடும்பத்துப் பிள்ளை சர்க்கரையைப் பாகாக்கி விற்க நேர்ந்தது. வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு அது இறக்கமாகவே தோன்றியிருக்கும். சுற்றத்தார் முகத்தில் விழிப்பதும் எளிதாய் இருந்திராது. 1864-இல், பத்தொன்பது வயதில், ஜோராசாங்கோவில் ஒரு கடை வைத்தார். தாகூர் குடும்பத்தாரின் மாளிகை இருக்கும் பகுதி அது. கடை நிலைக்கவில்லை. 1866-இல் வடக்கே பாக்பஜாருக்குச் சென்று மீண்டும் ஒரு கடை தொடங்கினார். விழுந்த இடத்திலேயே எழ முயலாமல் இடத்தை மாற்றிக்கொண்டு எழுந்தார் என்பதைப் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் எளிதில் உணர்வர்.

பாக்பஜாரில் அவர் செய்ய நினைத்தது சந்தேஷைப் போல உலர்ந்ததாயன்றிப் பாகில் ஊறியதான ஒரு பண்டம். சானாவை உருட்டிப் பாகில் இடுவது கேட்க எளிது. செய்து பார்த்தவர்க்கே அதன் தொல்லை தெரியும். நம் இல்லங்களில் முயன்ற தாய்மார் பலரும் இரு விதமான தோல்விகளையும் கண்டிருப்பர்: ஒன்று, உருண்டை கொதியில் கரைந்து பாகு முழுதும் துகளாகிவிடும், அல்லது, கல்லைப் போல் இறுகிக் கிடக்கும். நடுவில் நிற்பது கைப்பக்குவம்.

அந்தப் பக்குவம் எதில் அடங்கியுள்ளது என்று சிறிது நோக்குவோம். முதலாவது பால். எருமைப் பாலின் சானா கடினமாகும். பசும்பாலினதே மென்மை பெறும். இரண்டாவது, திரித்தபின் நீரை வடிப்பது. மிக வடித்தால் உருண்டை வெடிக்கும். குறைய வடித்தால் கரையும். மூன்றாவது, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசைவது. மணல் போன்ற பதம் மாறி, கையில் நெய்ப்பசை தெரியும் வரை பிசைதல் வேண்டும். நான்காவதே மிகவும் நுட்பமானது. பாகு நீர்த்ததாய் இருக்க வேண்டும். தளதளவென்று நுரைத்துக் கொதிக்க வேண்டும். அக்கொதியில் உருண்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகி, உள்ளிருந்து அதனை ஊதிப் பெரிதாக்குகிறது. பாகு கொதிக்கக் கொதிக்கக் கெட்டியாகும். கெட்டியான பாகோ உருண்டையின் நீரை வெளியே இழுத்து அதைச் சுருக்கிவிடும். ஆகவே இடையிடையே நீர் தெளித்துப் பாகை ஒரே பதத்தில் நிறுத்துதல் வேண்டும். நம் ஊர்ப் பணியாரத்துக்கும் அதிரசத்துக்கும் கம்பிப் பதமா, உருட்டுப் பதமா என்று பாகைப் பார்க்கிறோமே, அதற்கு நேர்மாறானது இது. அங்கே பாகு முற்ற வேண்டும். இங்கே முற்றவே கூடாது. கையில் வெப்பமானியும் இல்லாமல், விறகடுப்பின் முன், கண்ணையும் விரலையும் மட்டும் நம்பி இத்தனையும் கண்டறிந்த மனிதரை வெறும் கடைக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

1868-ஆம் ஆண்டில் இப்பண்டம் உருப்பெற்றது என்பர். உடனே ஊர் கொண்டாடிவிடவில்லை. சந்தேஷில் பழகிய நாக்குக்குப் பாகு சொட்டும் இந்த உருண்டை விளையாட்டாய்த் தோன்றியது. திருப்பம் நேர்ந்தது ஒரு நாள் என்று குடும்பக் கதை சொல்கிறது. பகவான்தாஸ் பக்லா என்ற மார்வாரி மர வணிகர் குடும்பத்தோடு வண்டியில் சென்றபோது, பிள்ளைகளில் ஒருவர் தாகத்தால் வருந்த, வண்டி நவீனர் கடை முன் நின்றது. நவீனர் தண்ணீரோடு ஒரு ரசகுல்லாவையும் கொடுத்தார். பிள்ளை மகிழ்ந்தது, தந்தையும் சுவைத்தார், நிறைய வாங்கிச் சென்று நண்பர்க்கெல்லாம் அளித்தார், நவீனர் பெயர் நகரெங்கும் பரவியது. இக்கதையிலும் சிறிது பாகு கூடுதலாகச் சேர்ந்திருக்கலாம். ஆயினும் தண்ணீர் கேட்டவர்க்கு வெறுந்தண்ணீர் கொடாமல் இனிப்போடு கொடுப்பது இன்றும் வங்காளி வீட்டு வழக்கமாதலின், கதையின் அந்தப் பகுதி நம்பத் தக்கதே.

நவீனரின் துணைவியார் கீரோதமணி. போலா மொய்ரா என்ற புகழ்பெற்ற பாட்டுக்காரரின் வழித்தோன்றல் இவர். இனிப்புக் கடை நடத்திக்கொண்டே மேடையில் எதிர்ப்பாட்டுக் கட்டிப் பிறரை மடக்கிய போலா மொய்ராவை, 1967-இல் வெளிவந்த 'ஆன்டனி ஃபிரிங்கி' என்னும் வங்கப் படத்தைப் பார்த்தவர் மறந்திருக்க மாட்டார்.

இனி, நாம் பெரிதும் சொல்ல விரும்பிய செய்திக்கு வருவோம். நவீனர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தேடவில்லை. செய்முறையை மறைக்கவும் இல்லை. கேட்ட மொய்ராக்களுக்குக் கற்றுக் கொடுத்தார் என்று அவர் வழியினர் கூறுகின்றனர். மறைத்திருந்தால் ரசகுல்லா பாக்பஜாரில் ஒரு கடையின் சரக்காகவே இருந்து அக்கடையோடு மறைந்திருக்கும். கொடுத்ததனால் சில பத்தாண்டுகளில் வங்கத்தின் பட்டிதொட்டியெங்கும் பரவியது. கொடுத்ததனாலேயே, 'முதலில் செய்தவர் யார்?' என்ற வழக்கும் எழுந்தது. நதியா மாவட்டத்துப் பூலியாவைச் சேர்ந்த ஹாராதன் மொய்ராவே முதல்வர் என்பாரும் உளர். உருண்டையைப் பாகில் இட்டவர் வேறு சிலரும் இருந்திருக்கலாம். அதனைப் பஞ்சு போல் மென்மையாக்கி நிலைநிறுத்தியவர் நவீனர் என்பதே நம் துணிபு. மக்கள் அவரை 'ரசகுல்லாவின் கொலம்பஸ்' என்று செல்லமாக அழைக்கின்றனர். அழைத்தவர்கள் யோசித்துத்தான் அழைத்தார்களா என்பது ஐயமே. கொலம்பஸ் கண்ட நாட்டில் அவருக்கு முன்பே மக்கள் வாழ்ந்தனர் அல்லவா?

இவ்விடத்தில் மற்றொரு பிரெஞ்சுக்காரரைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. நிக்கோலா அப்பேர் என்பது அவர் பெயர். 1749-இல் விடுதிக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, சமையற் கலைஞராய்ப் பெரிய இடங்களில் பணியாற்றி, பின்னர் பாரிஸில் இனிப்புக் கடை நடத்தியவர். சர்க்கரையில் ஊறிய பழம் கெடாமல் இருப்பதைக் கண்ட அவருக்கு, சர்க்கரை இன்றியே உணவைக் கெடாமல் காக்க இயலாதா என்ற எண்ணம் தோன்றிற்று. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு உழைத்தார். கண்ணாடிப் புட்டியில் உணவை இட்டு, இறுக அடைத்து, கொதிநீரில் நிறுத்தி வெப்பம் ஊட்டினால் அது மாதக் கணக்கில் கெடாது என்று கண்டார். பிரெஞ்சு அரசு 1810-இல் 12,000 பிராங்கு பரிசளித்தது. செய்முறையை நூலாக வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் வெளியிட்டார். அதே 1810-இல் பீட்டர் துராண்டு என்பவர் இலண்டனில் தகரக் குவளைக்குக் காப்புரிமை பெற்றார். அப்பேரின் தொழிற்சாலையோ 1814, 1815-ஆம் ஆண்டுப் போர்களில் பகைவர் படையால் அழிந்தது. 1841-இல் அவர் வறுமையில் இறந்தார். பொதுக் குழியில் அடக்கம் செய்தனர். உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பதைப் பாஸ்டர் விளக்கியது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

அப்பேரின் வழிமுறை நவீனரின் பண்டத்தோடு வந்து சேர்ந்தது மூன்றாம் தலைமுறையில். நவீனரின் மகன் கிருஷ்ணசந்திர தாஸ் 1869-இல் பிறந்தவர். ரசமலாய் இவருடைய ஆக்கம் என்பர். இவர் தம் இளைய மகன் சாரதாசரணோடு 1930-இல் ஜோராசாங்கோவில் தம் பெயரால் ஒரு கடை நிறுவினார். பாட்டனார் அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே பகுதியில் மகனும் பேரனும் கடை வைத்ததை நினைக்க நமக்கு ஓர் உவகை உண்டாகிறது. 1934-இல் கிருஷ்ணசந்திரர் மறைந்தார். 1935-இல் எஸ்பிளனேடில் கே. சி. தாஸ் கடை திறக்கப்பட்டது. அப்பத்தாண்டில்தான் ரசகுல்லா தகர டப்பாவில் அடைக்கப்பட்டு நெடுந்தொலைவு செல்லத் தொடங்கிற்று. நவீனர் 1925-இலேயே காலமானார்; தம் உருண்டைகள் டப்பாவில் ஏறிக் கடல் கடந்ததை அவர் காணவில்லை.

அந்த டப்பாவை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? ஹௌராவில் சென்னை மெயில் ஏறும் தமிழ்க் குடும்பம் எதுவும் பெட்டிக்குள் புடவைகளுக்கு இடையே அதனைத் திணிக்காமல் புறப்பட்டதில்லை. கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் உறவினர், 'கல்கத்தாவிலிருந்து என்ன கொண்டு வந்தீர்கள்?' என்று கேட்டால் விடை அதுவே. திரிந்த பால் என்று முதலில் தயங்கிய பெரியவர்கள் கூடப் பாகை வடித்துவிட்டு ஒன்று, பாகோடு ஒன்று என்று கேட்டு வாங்கிய வீடுகள் பல. ஊரிலிருந்து திரும்பும்போது அதே பெட்டியில் அப்பளமும் வடாமும் வற்றலும் ஏறி வந்தன. பண்டமாற்று இருபுறமும் நியாயமாகவே நடந்தது.

இத்தகைய பண்டத்தைச் செய்வதே குற்றம் என்றும் ஒரு காலம் இருந்தது. 1965-இல் மேற்கு வங்கத்தில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. பால் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் போதவில்லை என்று கூறி, முதலமைச்சர் பிரபுல்லசந்திர சென் அரசு சானாவால் இனிப்புச் செய்வதைத் தடை செய்தது. குழந்தையின் பால் முதன்மையானதா, பெரியவரின் இனிப்பு முதன்மையானதா என்று கேட்டால் விடை எளிது. ஆனால் அதற்கு நடுவில் மொய்ரா ஒருவர் இருந்தார். அவருக்குச் சானா கொணரும் சிற்றூர் இடையர் இருந்தார். கடையில் பாத்திரம் துலக்கும் சிறுவன் இருந்தான். இவர்கள் எதை உண்பது என்பதற்கு ஆணையில் விடை இல்லை. 1967 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. முதலமைச்சரே தம் ஆராம்பாக் தொகுதியில் தோற்றார். ரசகுல்லாதான் அவரைத் தோற்கடித்தது என்று வேடிக்கையாய்ப் பேசுவோர் இன்றும் உளர். 1966-இன் உணவுப் போராட்டமும் அதில் மாண்ட உயிர்களும் அத்தேர்தலில் எடையிட்டதை அவ்வேடிக்கை மறைத்துவிடல் ஆகாது. கே. சி. தாஸ் நிறுவனத்தார் 1972-இல் பெங்களூரில் கடை திறந்தனர். தென்னாட்டவர் பலர் நல்ல ரசகுல்லாவை முதன்முதல் சுவைத்தது அங்கேதான்.

அண்மைக் காலத்து வழக்கு ஒன்றும் உண்டு. ரசகுல்லா தங்களுடையதே என்று ஒடிசாவினர் 2015-இல் உரத்துக் கூறினர். பூரித் தேர்த்திருவிழா முடிந்து சகந்நாதர் கோயிலுக்குத் திரும்பும் நாளில், தம்மை விட்டுச் சென்றதால் ஊடிய இலக்குமிக்கு அவர் ரசகுல்லா அளித்து ஊடல் தணிப்பதாக அங்கே வழக்கம். புவனேசுவரத்துக்கும் கட்டாக்குக்கும் இடையே பஹாலா என்ற ஊரில் நெடுஞ்சாலை ஓரம் முழுதும் ரசகுல்லாக் கடைகளே. அவ்வுருண்டை சற்றுப் பழுப்பு நிறம், வாயிலிட்டால் கரைவது. வங்கத்தது தூய வெள்ளை; கடித்தால் பஞ்சு போல் மீள்வது. இரண்டையும் உண்டு பார்த்தவர்கள் இவை இருவேறு பண்டங்கள் என்பதை எளிதில் ஒப்புவர். உண்ணாமலே வழக்காடியவர்களால்தான் பூசல் வளர்ந்தது.

இப்பூசல் தீர்ந்த இடம் எது தெரியுமா? நம் சென்னை! நாட்டின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் கிண்டியில் இருக்கிறது. 2017 நவம்பர் 14-ஆம் நாள் 'பாங்ளார் ரசகோல்லா' என்ற பெயரில் மேற்கு வங்கத்துக்கும், 2019 ஜூலை 29-ஆம் நாள் 'ஒடிசா ரசகோலா' என்ற பெயரில் ஒடிசாவுக்கும் அங்கே பதிவு வழங்கப்பட்டது. அதே 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும், 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அப்பதிவேட்டில் ஏறின. அங்கே ஊரின் பெயர் ஏறும். ஆளின் பெயர் ஏறாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் முதற் பால்கோவாவைக் கிளறிய கை யாருடையது என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? நவீனருக்கோ 2018-இல் வங்காளத்தில் ஒரு திரைப்படமே எடுத்தார்கள். அதன் பெயர் 'ரசகோல்லா'. இளம் நவீனரும் கீரோதமணியுமே அதன் நாயகனும் நாயகியும்.

நவீனரின் வழியினர் இன்றும் வட கல்கத்தாவில் இனிப்புத் தொழிலில் இருக்கின்றனர். மலரைப் படிக்கும் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாதவ்பூரிலிருந்து பாக்பஜார் வரை சென்று வரலாம். படித்துறையில் சிறிது நேரம் அமர்ந்து கங்கையைப் பார்த்துவிட்டு, காலை பத்து மணிக்குள் கடைத்தெருவுக்குச் சென்றால் உருண்டைகள் பாகிலிருந்து இறங்கிய சூட்டோடு கிடைக்கும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வது நலம். மாற்றுச் சட்டை ஒன்றையும் எடுத்துச் செல்க.